மெட்டுக்கு உரியவர் யார்?

2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் குறிஞ்சாக்கேணிச் சிறுவர் சிறுமியர் ஒரு சிங்களப் பாட்டைப் பாடித் திரிந்தனர். சிங்களத்தில் நான்கு வாக்கியங்களைச் சேர்த்துப் பேச அறியாதவர்கள் அவர்கள். பெருந்தொற்றுக் காலமாதலால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன. கைத்தொலைபேசியே வகுப்பறையாகவும் விளையாட்டுத் திடலாகவும் இருந்தது. அதன் வழியே வந்து சேர்ந்தது 'மெனிக்கே மகே ஹித்தே' என்னும் அந்தப் பாட்டு. வயலுக்குச் செல்லும் உழவு இயந்திரங்களிலும் மீன் ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டிகளிலும் அதுவே ஒலித்தது. அதன் பொருள் யாதென்று நான் கேட்ட பிள்ளைகளுள் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாடியவர் பெயரைக் கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் 'யொஹானி' என்றனர்.

அந்நாட்களில் இப்பாட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்ப வந்தன. இது யொஹானியின் பாட்டு என்பது ஒன்று. மொழியாலும் இனத்தாலும் பிளவுண்ட மக்களை இசை ஒன்றாக்கிவிட்டது என்பது மற்றொன்று. முன்னது பாதி உண்மை. பின்னது அவ்வளவுகூட இல்லை என்பது என் எண்ணம். இரண்டுக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. அதனைக் காட்டுவதற்கே இதனை எழுதுகின்றேன்.

முதலில் பாட்டின் வரலாறு. 'மெனிக்கே மகே ஹித்தே' முதன்முதல் வெளிவந்தது 2020 ஜூலையில். பாடியவர் சதீஷன் ரத்நாயக்க. சொற்களை எழுதியவர் டுலான் ஏ. ஆர். எக்ஸ். என்ற பெயரில் அறியப்படும் இளைஞர். இசை அமைத்தவர் சமத் சங்கீத். அடுத்த ஆண்டு மே மாதத்தில் யொஹானி த சில்வா, அதே சதீஷனுடன் சேர்ந்து, அதே இசையமைப்பாளரின் இசையில் அதனை மீண்டும் பாடினார். யூடியூபில் ஏற்றப்பட்ட அந்த வடிவத்தின் தலைப்பிலேயே இது மூலப் பாட்டின் அதிகாரபூர்வமான மறுவடிவம் என்ற குறிப்பு இருந்தது. ஆகவே எவரும் எதனையும் ஒளிக்கவில்லை. இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடகி பிறர் பொருளைக் கவர்ந்தார் என்று சிலர் பின்னர் எழுதியது நியாயமன்று.

அதன் பின் நடந்தவை பலரும் அறிந்தவை. 2021 ஜூலையில் அமிதாப் பச்சன், 1981 இல் வெளிவந்த தமது 'காலியா' படத்தின் ஆட்டக் காட்சிக்கு இப்பாட்டைப் பொருத்திய ஒரு துண்டைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். வட இந்தியா முழுவதும் இப்பாட்டைக் கேட்கத் தொடங்கியது. சில மாதங்களுக்குள் பார்த்தோர் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்தது. தமிழும் மலையாளமும் கலந்த ஒரு வடிவம் அனஸ் ஷாஜகானின் குரலோடு அதே ஆண்டில் வந்தது. வேறு எத்தனையோ மொழிகளில், பெயர் தெரிந்தவரும் தெரியாதவரும் தத்தம் வீட்டு அறைகளில் இருந்து பாடி வெளியிட்டனர். 2022 இல் 'தேங்க் காட்' என்னும் இந்திப் படத்தில் அது இடம்பெற்றது. அங்கே இசை மறு ஆக்கத்துக்குத் தனிஷ்க் பாக்சியின் பெயரும், இந்திச் சொற்களுக்கு ரஷ்மி விராகின் பெயரும் சேர்ந்தன. யொஹானியோடு ஜுபின் நௌட்டியால், சூர்யா ரகுநாதன் ஆகியோரும் பாடினர். பாட்டு ஒவ்வொரு துறையில் நின்றபோதும் புதிய பெயர்கள் ஏறின. பழைய பெயர்கள் இறங்கின. டுலான் என்பவர் யார் என்று கேட்டால் எங்கள் ஊரில் மட்டுமன்று, கொழும்பிலும் பலர் விழிப்பர்.

'மெனிக்கே' என்னும் சொல்லை நாம் அறியாதவர்கள் அல்லர். பதுளைக்குச் செல்லும் 'உடரட்ட மெனிக்கே', 'பொடி மெனிக்கே' ஆகிய புகையிரதங்களில் ஏறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மலைநாட்டில் மதிப்புக்குரிய பெண்ணை அழைக்கும் சொல் அது. நம் 'மணி'யும் 'மாணிக்க'மும் அதற்கு உறவு. 'மகே ஹித்தே' என்றால் 'என் உள்ளத்திலே' என்பது பொருள். இவ்வளவையும் ஒரு தமிழாசிரியர் ஐந்து நிமிடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இலட்சக்கணக்கானோர் வாயில் அப்பாட்டு இருந்த அந்த ஆறு மாதங்களில் இதைச் சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர் என்பது வேறு விடயம்.

ஒருவர் பாடிய பாட்டை மற்றொருவர் தம் குரலில் பாடி வெளியிடுவதை ஆங்கிலத்தில் 'கவர்' என்கிறார்கள். இசைத்தட்டு வணிகத்தில் பிறந்த சொல் அது. ஒரு நிறுவனத்தின் பாட்டு விலைபோகின்றது என்று கண்டால், மறு நிறுவனம் தன் பாடகரைக் கொண்டு அதையே பாடுவித்துச் சந்தையை மறித்துக்கொள்ளும். அமெரிக்காவில் லிட்டில் ரிச்சர்ட் என்னும் கறுப்பினப் பாடகர் 1955 இல் பாடிய 'டூட்டி புரூட்டி'யை மறு ஆண்டே பட் பூன் என்னும் வெள்ளையர் பாடினார். விற்பனை வரிசையில் மூலப் பாட்டைவிட மேலான இடத்தையும் பெற்றார். ஆகவே அச்சொல்லுக்குள் போட்டியும் மறைப்பும் தொடக்கத்திலேயே இருந்தன எனலாம். தமிழில் இதற்கு நேர்ச்சொல் இல்லை. அதற்குக் காரணம் நம்மிடம் இவ்வழக்கம் இல்லாமை அன்று. இதைவிட நல்ல வழக்கம் ஒன்று இருந்தமையே. அதனைப் பின்னர் சொல்வேன்.

யொஹானியின் பாட்டுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே ஒரு சிங்களப் பாட்டு இதே பாக்குநீரிணையைக் கடந்து சென்றதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'சுராங்கனி'யையே சொல்கிறேன்.

அது பைலா வகையைச் சேர்ந்தது. போர்த்துக்கேயர் 1505 இல் இந்நாட்டுக்கு வந்து 1658 வரை கரையோரங்களை ஆண்டவர்கள். 'பைலார்' என்பது அவர்கள் மொழியில் ஆடுதல். அவர்கள் விட்டுச் சென்ற ஆட்டமும் மெட்டும், அவர்களால் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரி மக்களின் தாளமும், மட்டக்களப்பு, திருகோணமலை முதலிய இடங்களிலுள்ள பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டங்களும் சேர்ந்து அவ்விசை உருவாயிற்று. 1620களில் எங்கள் திருகோணமலையின் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்களும் அவர்களே. அவர்களுடைய ஆட்டத்துக்கு இன்று எல்லாச் சமயத்தவரும் கால் தூக்குகின்றனர். வரலாறு சில வேளைகளில் இப்படி விளையாடும். 1940களில் வொலி பெஸ்டியன் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் பைலாவுக்குச் சிங்களச் சொற்களைக் கொடுத்து மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுவந்தார்.

தமிழுக்கு அது வந்தது 1960களின் இறுதியில். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்னும் பாட்டைக் கிற்றாரோடு பாடினார். மாமியிடம் மகள் எங்கே என்று கேட்கும் குறும்புப் பாட்டு அது. யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் மாறாமல் மேடையேறியது. பண்டிதர் சிலர் முகஞ்சுளித்தனர்; இளைஞர் கைதட்டினர். திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் தங்கள் குழுவோடு கிளம்பினர். அவர்களோடு ஏ. ஈ. மனோகரனும் எழுந்தார். 1970 முதல் 1977 வரை ஆட்சியில் இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இறக்குமதிகளை இறுக்கியபோது, இந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் முன்போல் தாராளமாக வரவில்லை. அந்த இடைவெளியில் உள்ளூர் எழுத்தும் உள்ளூர் இசையும் தலை நிமிர்ந்தன. 'பொப்பிசை' என்ற பெயரில் ஈழத்துத் தமிழர் தமக்கென்று ஒரு மெல்லிசையை ஆக்கிக்கொண்டனர். இலங்கை வானொலி அதனைத் தமிழ்நாடு வரை கொண்டு சேர்த்தது.

மனோகரன் 'சுராங்கனி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்த முறை கவனிக்கத்தக்கது. பல்லவியை அவர் மொழிபெயர்க்கவில்லை. சிங்களப் பல்லவி சிங்களமாகவே நின்றது. அதைச் சுற்றித் தமிழ்ச் சொற்கள் வந்தன. சுராங்கனி என்பது வடமொழியில் தேவர்குலப் பெண்ணைக் குறிக்கும் சுராங்கனை என்னும் சொல்லின் திரிபு. அந்தத் தேவமகளுக்கு ஒருவன் மீன் கொண்டுவந்திருக்கிறான் என்பதுதான் பல்லவியின் செய்தி! அரம்பையர்க்குப் பாரிசாத மலர் கொண்டு செல்வோரையே படித்து வளர்ந்த நம் இலக்கிய மனத்துக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். கடற்கரை ஊரில் பிறந்த எனக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு வேறு தோன்றவில்லை. 'மாலு' என்றால் மீன் என்பதைக் கிண்ணியாவின் மீன் வியாபாரிகள் பாட்டில் கற்கவேண்டியதில்லை, சந்தையிலேயே கற்றுக்கொண்டனர். ஆனால் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் இருந்தவர்களுக்கு அச்சொற்களை வாயில் வைத்தவர் மனோகரனே.

பல்லவியை மூல மொழியிலேயே விட்டமை ஒருவகை நேர்மை என்று நான் கருதுகின்றேன். கேட்பவர் ஒவ்வொரு முறையும், 'இது வேறொரு மொழியிலிருந்து வந்தது' என்பதை உணர்ந்தே தீரவேண்டும். சேலையை மாற்றினாலும் முகத்தை மறைக்காத ஏற்பாடு அது. முற்றாக மொழிபெயர்த்திருந்தால் இன்று அது சிங்களப் பாட்டு என்பதையே நாம் மறந்திருப்போம். நம் திரையிசையில் அவ்வாறு மறைந்துபோன இந்தி மெட்டுகளும் மேல்நாட்டு மெட்டுகளும் கொஞ்சமா?

1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்நாட்டுப் படத்தில் சுராங்கனி இடம்பெற்றது. படத்துக்கு இசை இளையராஜா. பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். திரைப்படம் என்னும் பெரிய வாய் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால், மூலம் எதுவாயினும் அது 'படப் பாட்டு' ஆகிவிடும். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் என்னிடம், 'உங்கள் ஊரிலும் எங்கள் சுராங்கனியைப் பாடுகிறார்களே!' என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவரை நான் திருத்தினேன். ஆனால் அவர் நம்பினாரா என்பது ஐயம். மனோகரன் 'வாடைக்காற்று' என்னும் நம் நாட்டுப் படத்தில் நடித்தவர். பின்னர் தமிழ்நாட்டுப் படங்களிலும் தோன்றினார். அங்கே அவருக்குச் 'சிலோன் மனோகர்' என்ற பெயர் வாய்த்தது. 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். செய்தி வந்தபோது எங்கும் சுராங்கனியே ஒலித்தது.

இனி அந்த இரண்டாவது கருத்துக்கு வருவோம். 1970களில் சுராங்கனி இரு மொழியாரின் கல்யாண வீடுகளிலும், சுற்றுலாச் செல்லும் பேருந்துகளிலும், பாடசாலை விழாக்களிலும் ஒலித்தது. தமிழ்ப் பாடகர் ஒருவர் சிங்களப் பல்லவியைப் பாட, சிங்கள இளைஞர் ஆடினர். இசை மக்களை இணைக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை என்று அன்றும் பலர் பேசியிருப்பர். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன, உயிர்கள் போயின. அந்தத் தீயை மூட்டியவர்கள் சுராங்கனியைக் கேட்டறியாதவர்களா? அதே பைலாவுக்கு ஆடிய கால்கள் அக்கூட்டத்தில் இருந்திருக்கமாட்டா என்று எவரால் உறுதி கூற முடியும்? பாட்டின்மேல் இப்பழியைப் போடுவது என் நோக்கமன்று. பாட்டால் ஆகாத காரியத்தை அதன் தலையில் ஏற்றியவர்களையே நான் மறுக்கின்றேன்.

2021 ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பெப்ரவரி இறுதிவரை, கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் புதைக்க இந்நாட்டில் அனுமதி இல்லை. எரிக்கவேண்டும் என்பதே அரசின் கட்டளை. உலக சுகாதார நிறுவனம் புதைத்தலும் தகும் என்று கூறியிருந்தும் அக்கட்டளை மாதக்கணக்கில் நீடித்தது. மார்ச் மாதத்தில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பின் வந்தது மெனிக்கே. தம் வீட்டு முதியவரின் உடலை எரியூட்டக் கொடுத்துவிட்டு அழுத குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தச் சிங்களப் பாட்டைப் பாடினர். பிள்ளைகளின் பெருந்தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதற்கு 'ஒற்றுமை' என்று பெயர் சூட்டுவதற்கு நாம் கொஞ்சம் கூச வேண்டாவா?

அதே ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் எங்கள் ஊரின் பெயர் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பாலம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 'பாதை' என்று நாங்கள் சொல்லும் இழுவைப் படகு ஒன்று பள்ளிப் பிள்ளைகளோடு கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அவருள் பெரும்பாலோர் சிறுவர். 10 கோடிப் பேர் பார்த்த பாட்டு எங்கள் ஊருக்குக் கடல் கடந்தும் களப்புக் கடந்தும் வந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சிறிய களப்பைக் கடக்க ஒழுங்கான வழி இருக்கவில்லை. பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இல்லை என்பதுதான் என் வாதம். இணைப்பது என்பது பாலம் போடுகிற வேலை. அதற்குக் கல்லும் கம்பியும் சட்டமும் நிதியும் வேண்டும்.

இங்கே இன்னொரு செய்தியையும் விட்டுவிட இயலாது. யொஹானியின் தந்தை 2009 இல் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை வகித்த இராணுவ அதிகாரி. இதனைச் சுட்டி, தமிழருள் ஒரு பகுதியினர் அப்பாட்டைக் கேட்கமாட்டோம் என்றனர். வேறு சிலர் கலைக்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று அவர்களைக் கடிந்தனர். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அக்குரலைக் கேட்க மறுத்தால் அவரிடம் இசையின் பொதுமையைப் பேசும் தகுதி எனக்கில்லை. அதேவேளையில், தந்தையின் தொழிலுக்கு மகளைக் கூண்டில் ஏற்றுவதும் எனக்கு உடன்பாடன்று. ஆனால் இருசாராரும் ஒன்றை மறந்தனர். ஏற்றவரும் மறுத்தவரும் வாதிட்டது யொஹானியைப் பற்றியே. பாட்டை ஆக்கிய டுலானும் சமத்தும் முதலில் பாடிய சதீஷனும் அவ்வாதத்தில் எந்த இடத்திலும் இல்லை. ஒரு மொழியின் பாட்டுக்காக உருகுவதாகச் சொன்ன கோடிக்கணக்கானோர் அம்மொழியில் அதை எழுதியவரின் பெயரையேனும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அயலானை அறிந்துகொண்டோம் என்று அதற்குப் பின்னும் சொல்வது எவ்வாறு?

நம் முன்னோர் இவ்விடயத்தில் நம்மினும் நாகரிகமாக நடந்தனர். பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும், இன்ன பாட்டின் மெட்டு அல்லது வர்ணமெட்டு என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும், கொடியேற்றத்துக்கும் கந்தூரிக்கும் விற்கும் நாலணாப் புத்தகங்களிலும், நம் முஸ்லிம் புலவர்களின் இசைப்பாமாலைகளிலும் இதனைக் காணலாம். மெட்டு இரவல் என்பதை ஒப்புக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. இரவல் தந்தவர் யார் என்பதைச் சொல்வதில் ஒருவகைப் பெருமையே இருந்தது.

இதற்குப் பாரதியாரைவிட மேலான முன்மாதிரி வேண்டுமா? தமது தேசியப் பாடல்கள் சிலவற்றுக்கு அவர் எடுத்துக்கொண்டது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டுகளை. எந்தப் பாட்டின் மெட்டு என்பதைத் தலைப்பின்கீழ் வெளிப்படையாகவே குறித்தார். அக்குறிப்பு வெறும் நன்றிக்கடன் மட்டும் அன்று. ஆண்டை நந்தனை அதட்டும் மெட்டில் வெள்ளை அதிகாரி சுதேசியை அதட்டுகிறான் என்பதை வாசகர் உணரவேண்டும். உணர்ந்தால்தான் அங்கதம் முழுமை பெறும். மூலத்தை மறைத்திருந்தால் பாரதியின் பாட்டே பாதி குன்றியிருக்கும். மூலத்தைச் சொல்வதால் புதிய ஆக்கம் சிறுத்துவிடும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

'நாட்டார் பாடலில் ஆசிரியர் பெயர் உண்டா? அங்கே எல்லோரும் பாடுகிறார்கள், எல்லோரும் மாற்றுகிறார்கள், யாரும் உரிமை கொண்டாடுவதில்லையே' என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகள் அப்படிப்பட்டவைதாம். எஸ். முத்துமீரான் போன்றோர் அலைந்து தேடித் தொகுத்த அக்கவிகளுள் எதனை எந்த உம்மா முதலில் பாடினார் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் அங்கே பாடியவளுக்கும் கேட்டவளுக்கும் இடையே சந்தை இருக்கவில்லை. வயலில் ஒருத்தி பாடினாள். வரம்பில் மற்றொருத்தி இரண்டு சொல்லை மாற்றிப் பாடினாள். இருவருக்கும் கூலி ஒன்றே. ஒருவரின் குரல் பணமாகி, மற்றவரின் சொல் பெயரற்றுப் போகும் இக்கால ஏற்பாட்டுக்கு அந்த வயலைச் சான்று காட்டுவது பொருந்தாது.

பெயர் போனால் என்ன போகும் என்பதற்குத் தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டாவின் கதையே போதும். சூலு இனத்தவரான அவர் 1939 இல் யொகான்னஸ்பேர்க்கில் 'ம்பூபே' என்னும் பாட்டை இசைத்தட்டில் பாடினார். ம்பூபே என்றால் சிங்கம். உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங் என்பர். அந்த இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே பீட் சீகரும் அவர் குழுவினரும் அச்சொல்லைச் சரியாகக் கேளாமல் 'விமோவே' என்று பாடினர். 1952 இல் அது பெரும் புகழ் பெற்றது. ஆசிரியர் பெயராக அவர்கள் அச்சிட்ட 'போல் காம்பெல்' என்பவர் உலகில் எங்கும் இல்லாத ஒரு மனிதர். அக்குழுவினரின் புனைபெயர் அது. 1961 இல் 'டோக்கன்ஸ்' என்னும் குழு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து, 'சிங்கம் இன்றிரவு உறங்குகிறது' என்னும் பொருள்படும் தலைப்பில் பாடியது. மறு ஆண்டில் லிண்டா வறுமையில் இறந்தார். 1994 இல் டிஸ்னி நிறுவனத்தின் 'லயன் கிங்' படத்திலும் அம்மெட்டு வந்தது. அவருடைய புதல்வியர் நீதிமன்றம் ஏறியபின் 2006 இல்தான் ஓர் இணக்கம் ஏற்பட்டது. இடையில் கழிந்தவை 67 ஆண்டுகள். உலகம் முழுவதும் குழந்தைகள் பாடிய ஒரு பாட்டு. அதை ஆக்கியவரின் குழந்தைகளுக்குச் சோறில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் உரிமைக்காலம் என்று அது வகுத்தது. பணத்துக்கான உரிமையைத் தவிர, தம் பெயர் ஆக்கத்தோடு விளங்கித் தோன்றவேண்டும் என்று கோரும் உரிமையையும் அது ஆக்கியவருக்குத் தந்தது. இந்தியச் சட்டம் 2012 திருத்தத்தின்படி இன்னும் நுணுக்கமாகச் செல்கின்றது. ஒரு பாட்டின் மறுபதிவை உரிமையாளர் இசைவின்றியே, சட்டம் தரும் அனுமதியில் செய்வதானால், முதற்பதிவு வந்த ஆண்டு முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் பொறுக்கவேண்டும். சொல்லையும் இசையையும் தேவைக்குமேல் மாற்றலாகாது. ஆண்டுக்கு 50,000 பிரதிகளுக்கேனும் உரிமைத்தொகை கட்டவேண்டும். எழுதும்போது சட்டம் மிக அழகாகவே இருக்கின்றது. தன் அறையில் இருந்து கைத்தொலைபேசியில் பாடும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதனை யார் சொல்வது?

சட்டம் வல்லவர் கையில்தான் கூர்மை பெறுகின்றது. 2017 இல் இளையராஜா, தம் பாடல்களை இசைவின்றி மேடையில் பாடலாகாது என்று எஸ். பி. பாலசுப்பிரமணியம் முதலியோருக்கு அறிவித்தல் அனுப்பினார். 2024 இல் 'குணா' படப் பாட்டொன்றைத் தம் படத்தில் பயன்படுத்திய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தயாரிப்பாளர்களுக்கும் அவ்வாறே அனுப்பினார். அப்போது இரசிகர் பலர் அவரைப் பேராசைக்காரர் என்று ஏசினர். நான் அவ்வாறு ஏசமாட்டேன். ஆக்கியவர் உரிமை கேட்பது ஒழுங்கே. நான் கேட்பது ஒன்றுதான்: இளையராஜாவுக்கு வழக்கறிஞர் உண்டு, பைலாக்காரர்களுக்கு யார் உண்டு? கடற்கரையில் பிறந்து, மேடையில் வளர்ந்து, திரையில் போய்ச் சேர்ந்த ஒரு மெட்டின் பயணத்தில் கடைசித் துறையில் நின்றவரின் பெயரே அச்சில் நிலைக்கிறது.

ஆகவே நீதிமன்றத்தைவிட எனக்குப் பழைய பாட்டுப் புத்தகத்தின் அந்த ஒரு வரியில்தான் நம்பிக்கை. ஆசிரியர்களாகிய நம்மால் உடனே செய்யக்கூடியதும் அதுவே. எங்கள் பகுதிப் பாடசாலை விழா ஒன்றில் பிள்ளைகள் நுளம்பு ஒழிப்புப் பாட்டொன்று பாடினர். எங்கள் கிண்ணியா 2017 இல் டெங்குக் காய்ச்சலால் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அப்பாட்டின் தேவை விளங்கும். மெட்டு, மெனிக்கே. சொற்கள் நன்றாகவே அமைந்திருந்தன. அறிவிப்பாளர், ஒலிபெருக்கி உதவியவர் முதல் தேநீர் அளித்தவர் வரை எல்லோர் பெயரையும் வாசித்தார். மெட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்பாட்டை அச்சிடும்போதும் அறிவிக்கும்போதும், 'டுலான் எழுதி, சமத் சங்கீத் இசையமைத்து, சதீஷன் முதலில் பாடி, யொஹானி பரப்பிய சிங்களப் பாட்டின் மெட்டு' என்று சேர்த்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்? சுராங்கனியைப் பாடவரும் பிள்ளையிடம் அது படப் பாட்டன்று, பைலா என்பதையும், தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஏ. ஈ. மனோகரன் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம். சங்கீத பாட வேளையில் பத்து நிமிடம் போதும். இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியர் அதே வாரத்தில் அந்தப் பல்லவியைக் கரும்பலகையில் எழுதி, சொல் சொல்லாகப் பொருள் விளக்கலாம். மீன் என்றால் மாலு என்பதில் தொடங்கினால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மற்றவற்றைத் தாமே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.